தெரிந்த தேதியைக் குறித்து வையுங்கள்

“கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகுது. கோர்ட்டுக்குப் போகணும்னா ஒரு வருஷம் பொறுக்கணும்னு சொல்றாங்களே, அதுவரைக்கும் என் பொண்ணு என்ன பண்ணுவா?”

மாப்பிள்ளை வீட்டார் பெரிய விஷயம் ஒன்றை மறைத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள் என்று தெரிந்த பெற்றோர் வாயில் முதலில் வரும் கேள்வி இதுதான். பெண் வீட்டார் மறைத்ததாகச் சொல்லி மாப்பிள்ளையின் அப்பா கேட்டாலும் கேள்வி மாறாது. உட்காருங்கள், டீ வரட்டும். இது அவசரமான விஷயம்தான், ஆனாலும் பதறாமல் கேட்கவேண்டியது.

அந்த ஒரு வருஷக் கணக்கு விவாகரத்துக்கு உரியது. இந்து திருமணச் சட்டம், 1955-இன் 14-ஆவது பிரிவு, கல்யாணமான ஓராண்டுக்குள் விவாகரத்து மனு போடக்கூடாது என்கிறது. மிகக் கடுமையான துன்பம் என்றால் நீதிமன்றத்தின் அனுமதியோடு முன்கூட்டியே போடலாம். ஆனால் ‘இந்தக் கல்யாணமே செல்லாது’ என்று கேட்கும் மனுவுக்கு அந்தத் தடை கிடையாது. கல்யாணமான மறுவாரமே போடலாம். இரண்டும் வேறு வேறு வழக்குகள். கல்யாணத்துக்குப் பிறகு நடந்த அடி உதை, கைவிட்டது, தகாத உறவு போன்றவற்றைப் பேசுவது விவாகரத்து. தாலி ஏறிய அன்றைக்கே ஏதோ ஒன்று சரியில்லை என்று நிரூபிப்பது மற்றது.

இன்னொரு ஓராண்டுக் கணக்கும் இருக்கிறது. அது எதிர்த்திசையில் ஓடுகிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஏமாற்றியோ மிரட்டியோ நடந்த கல்யாணம் என்று சொன்னால், ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து அல்லது மிரட்டல் நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். விவாகரத்துக்குப் பொறுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, கையில் இருந்த வழக்கைக் கைநழுவ விட்டவர்கள் நிறையப் பேர். அதனால் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: உங்களுக்கு விஷயம் தெரிந்தது என்றைக்கு?

அதற்கு முன், குறுக்கு வழிகளை ஒதுக்கிவிடுவோம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு நோட்டரி முத்திரை வாங்கினால் கல்யாணம் ரத்தாகிவிடாது. ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்த்துவிட்டதாகச் சொல்வதும் தன்னளவில் போதாது. சில சமூகங்களில் வழக்காற்றுப்படி அத்துவிடும் உரிமையைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்காறு நெடுங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க நேர்ந்தால் படாதபாடு படவேண்டும். பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், “நீங்கதானே பதிஞ்சீங்க, நீங்களே ரத்து பண்ணிடுங்க” என்று கெஞ்சுகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும், சரி. பதிந்தவருக்குத் திருமணம் செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

சட்டம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. 11-ஆவது பிரிவு சொல்வது அடியோடு செல்லாத கல்யாணம். 12-ஆவது பிரிவு சொல்வது, ஏமாந்தவரோ பாதிக்கப்பட்டவரோ வந்து கேட்டால் மட்டும் நீதிமன்றம் ரத்து செய்யக்கூடிய கல்யாணம். இரண்டாவது வகையில் யாரும் கேட்காவிட்டால் கல்யாணம் கல்யாணமாகவே நிற்கும். ஒருவர் இறந்த பிறகு பங்காளிகள் வந்து ‘அது ஏமாற்றுக் கல்யாணம்’ என்று சொத்துக்காகக் கிளப்பவும் முடியாது.

அடியோடு செல்லாதவற்றில் அதிகம் வருவது, முதல் மனைவியோ கணவனோ உயிரோடு இருக்க, சட்டப்படி விடுதலை பெறாமல் நடந்த இரண்டாவது கல்யாணம். மற்றவை தடுக்கப்பட்ட உறவுமுறைக்குள்ளும் சபிண்ட உறவுக்குள்ளும் (பொது மூதாதையர் வழி வரும் நெருங்கிய உறவு) நடந்தவை. அக்கா மகளைக் கட்டியவர்கள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வழக்காறு அனுமதித்தால் அந்தத் தடை பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. இந்த வகைக்கு ஓராண்டு வரம்பு இல்லை, எத்தனை வருஷம் கழித்தும் கேட்கலாம்.

இங்கே முதல் மனைவி படும் பாட்டைச் சொல்லியாக வேண்டும். கணவன் இன்னொருத்திக்குத் தாலி கட்டிவிட்டான், அந்தக் கல்யாணம் செல்லாது என்று கேட்க அவளுக்கு 11-ஆவது பிரிவில் இடமில்லை. அந்தப் பிரிவின்படி, அந்தக் கல்யாணத்தில் மணமக்களாக இருந்த இருவரில் ஒருவர்தான் மற்றவர் மேல் மனு போடலாம். முதல் மனைவி விளம்புகைப் பரிகாரம், அதாவது அந்தக் கல்யாணம் செல்லாது என்ற அறிவிப்பு, கேட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கதவு வேறு, அவ்வளவுதான், மூடிய கதவு இல்லை. கூடவே, இருதார மணக் குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. முதல் கல்யாணத்தை மறைத்து இரண்டாமவளைக் கட்டியிருந்தால் அது 10 ஆண்டு வரை போகும். இது ஏமாந்த இரண்டாவது பெண்ணுக்கும் நினைவிருக்கட்டும்.

இனி 12-ஆவது பிரிவு. வீடுகளில் புகைவதெல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான். நான்கு காரணங்கள்: எதிர்த்தரப்பின் இயலாமையால் தாம்பத்திய உறவே நடக்காதது, கல்யாணத்தின்போதே கடுமையான மனநலக் கோளாறு இருந்தது, பலவந்தத்தாலோ ஏமாற்றாலோ சம்மதம் வாங்கியது, கல்யாணத்தின்போது பெண் வேறொருவரால் கர்ப்பமாக இருந்தது.

ஏமாற்று என்பதை நீதிமன்றங்கள் ஆரம்பத்தில் மிகக் குறுக்கிப் பார்த்தன. நடப்பது கல்யாணம் என்றே தெரியாமல் சடங்கில் உட்காரவைத்தால்தான் ஏமாற்று என்கிற அளவுக்குச் சொன்ன தீர்ப்புகள் உண்டு. 1968-இல் பாட்னா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண்ணின் வழக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு 25-இலிருந்து 30-க்குள் வயது, வசதியானவர் என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைத் திரைக்குப் பின்னால் இருந்து அந்தப் பெண் கேட்டாள். மறுப்புச் சொல்லவில்லை. முக்காடு போட்டு உட்காரவைத்துக் கல்யாணம் முடிந்தது. முகத்தைப் பார்த்தபோது மாப்பிள்ளைக்கு வயது அறுபதுக்கு மேல். பொய்யை அவளிடம் நேரில் சொல்லாவிட்டால் என்ன, அது அவள் காதுக்கு எட்டித்தான் அவள் சம்மதித்தாள் என்று அந்த நீதிமன்றம் ஏமாற்றை ஏற்று அவளை விடுவித்தது. தரகர் சொல்லி, மாமா கேட்டு, அப்பா வழியாகப் பெண்ணிடம் வந்து சேரும் நம் ஊர்ப் பெண்பார்க்கும் படலத்துக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். எட்டு ஆண்டு கழித்து, 1976 திருத்தத்தில் சட்டமே விரிந்தது. சடங்கின் தன்மை மட்டுமல்லாமல், எதிர்த்தரப்பைப் பற்றிய எந்த முக்கிய விவரத்தை மறைத்துச் சம்மதம் வாங்கினாலும் ஏமாற்றுதான் என்று அப்போது எழுதினார்கள்.

எது முக்கிய விவரம்? சட்டம் பட்டியல் தரவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன் என்று சாதாரண மனிதர் எவரும் சொல்லக்கூடிய விஷயமா என்பதைப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே ஆன கல்யாணம், முதல் தாரத்துக் குழந்தை, மறைத்துவைத்த தீராத நோய், படிக்காத படிப்பு, இல்லாத வேலை என்று வழக்குகள் வருகின்றன. சம்பளத்தில் ஐயாயிரம் கூட்டிச் சொன்னதும், நிறத்தை மறைக்கப் பூச்சுப் பூசிய போட்டோவும் இதில் சேராது. நடுவில் இருப்பவைதான் கஷ்டம். ஒரே மாதிரி மறைப்பை ஒரு நீதிமன்றம் ஏற்றிருக்கும், இன்னொன்று தள்ளியிருக்கும். அதனால் “நிச்சயம் ஜெயிச்சிடலாம்” என்று உறுதி தரும் வக்கீலிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மறைத்தார்களா இல்லையா என்பதையே கடிதங்கள் தீர்த்துவைத்த வழக்கு உண்டு. 1956-இல் பூனா மாப்பிள்ளைக்கும் நாக்பூர்ப் பெண்ணுக்கும் கல்யாணம். மனநலம் பற்றிய விஷயத்தை மறைத்துவிட்டார்கள் என்று கணவர் பிற்பாடு வழக்குப் போட்டார். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இரண்டு கடிதங்கள் எழுதியிருந்தார்: மகளுக்கு வெயில் தாக்கி, மூளை மலேரியாவும் வந்தது, சிகிச்சை பெற்றாள், சந்தேகம் இருந்தால் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. 1975-இல் உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், ஏமாற்று என்ற வாதம் கீழ் நீதிமன்றத்திலேயே நிற்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சிகிச்சை நடந்திருந்தால், நிச்சயத்துக்கு முன்பு எழுத்தில் சொல்லிவிடுங்கள். வரன் ஒன்று தட்டிப்போகலாம். பிள்ளையின் வாழ்க்கை கோர்ட் வாசலில் நிற்காது.

மனநலக் காரணத்தில் நான் பிடிவாதமாக ஒன்று சொல்வேன். மாத்திரை சாப்பிடுகிறாள், கவுன்சலிங் போனான் என்பதெல்லாம் இந்தப் பிரிவுக்குள் வராது. கல்யாண வாழ்க்கைக்கும் குழந்தைப் பேற்றுக்கும் தகுதியற்றவராக ஆக்கும் அளவுக்கான கோளாறு, அல்லது திரும்பத் திரும்ப வரும் பித்துநிலை என்று சட்டம் கேட்கிறது. வலிப்பு நோய் முன்பு இந்தப் பட்டியலில் இருந்தது. 1999-இல் எடுத்துவிட்டார்கள். இன்னும் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு வலிப்பைக் காரணம் காட்டிப் பெண்ணைத் திருப்பி அனுப்பும் வீடுகளைக் கேள்விப்படும்போது வயிறு எரிகிறது.

இயலாமை என்பது மலட்டுத்தன்மை அல்ல. குழந்தை பிறக்காதது காரணமாகாது. உறவே நடக்காததுதான் காரணம். அது உடம்பால் இருக்கலாம், மனத்தாலும் இருக்கலாம், இந்த ஒரு துணையிடம் மட்டும் என்றும் இருக்கலாம். இதற்கும் ஓராண்டு வரம்பு எழுதப்படவில்லை. ஆனாலும் காரணமில்லாமல் காலம் கடத்தினால் ஏன் என்று நீதிபதி கேட்பார். எதிர்த்தரப்பை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்கலாம். அப்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றும், முதலில் வலுவான முகாந்திரம் வேண்டும் என்றும், உத்தரவிட்ட பிறகும் போக மறுத்தால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்றும் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கர்ப்பக் காரணத்துக்கு நிபந்தனைகள் இன்னும் இறுக்கம். கல்யாணத்தின்போது கணவனுக்கு அது தெரிந்திருக்கக் கூடாது, கல்யாணத் தேதியிலிருந்தே ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், தெரிந்த பிறகு அவன் இணங்கி உறவு நடந்திருக்கக் கூடாது.

இப்போது நான் முதலில் கேட்ட தேதிக்கு வருவோம். ஏமாற்று வழக்கில் தேதி மட்டும் போதாது. தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதும் சேர்ந்தே வரும். உண்மை தெரிந்த பிறகும் முழுச் சம்மதத்தோடு கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தால் அந்தக் காரணம் போய்விடும். “ரெண்டு மாசம் சேர்ந்துதானே இருந்தா, அப்ப கேஸ் போச்சா?” என்று அம்மாக்கள் பயப்படுவார்கள். தெரியாமல் வாழ்ந்த இரண்டு மாதம் வழக்கைக் கெடுக்காது. தெரிந்த பிறகு வாழ்ந்த இரண்டு வாரம் கெடுக்கலாம். பூட்டிவைத்தோ பயமுறுத்தியோ இருக்கவைத்தால் அது சம்மதமாகாது, ஆனால் அதையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

நம் வீடுகளில் இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம். ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும், பெரியவர்கள் பேசிப்பார்க்கட்டும் என்று சொல்லிப் பெண்ணை மறுபடி கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண் தாய்வீட்டில் இருக்கும்போது பேசுங்கள். பேசியதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். உண்மை தெரிந்த அன்றைக்கே ஒரு காகிதத்தில் தேதி, நேரம், யார் சொன்னது, எந்தக் காகிதம் கண்ணில் பட்டது, அதன்பின் எங்கே போனோம் என்று அவள் கைப்பட எழுதி வைக்கட்டும்.

உண்மை எப்போது, எப்படித் தெரிந்தது என்று சொல்லும் ஒரு பத்தியில்தான் மனுவின் உயிர் இருக்கிறது. “எதிர்மனுதாரருக்கு ஏற்கெனவே திருமணமாகி விவாகரத்தானது பின்னர் மனுதாரருக்குத் தெரியவந்தது” என்று எழுதிய மனுவைக் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள். பின்னர் என்றால் எப்போது? இப்படி எழுதியிருக்க வேண்டும்: இன்ன தேதி இரவு 9 மணிக்கு எதிர்மனுதாரரின் கைப்பேசிக்கு வந்த அழைப்பை மனுதாரர் எடுத்தார், பேசிய பெண், தான் அவருடைய முன்னாள் மனைவி என்றும் இன்ன ஊர் நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனது என்றும் சொன்னார், கேட்டபோது எதிர்மனுதாரர் மறுக்கவில்லை, மறுநாள் காலை பஸ்ஸில் மனுதாரர் தன் தாய்வீடு வந்து சேர்ந்தார், அன்று முதல் இருவரும் சேர்ந்து வாழவில்லை. கூடவே அந்த பஸ் டிக்கெட்டும், முதல் வழக்கின் தீர்ப்பு நகலும். நீதிபதிக்குக் கேள்வியே எழாது.

காகிதங்களைப் பொறுத்தவரை, கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, மண்டப ரசீது, பதிவுச் சான்று, இருவரின் முகவரிச் சான்றுகள் எல்லாம் வேண்டும். கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்பவர் முதலில் கல்யாணம் நடந்ததைக் காட்ட வேண்டும் அல்லவா! கோபத்தில் ஆல்பத்தைக் கிழித்துவிடாதீர்கள். பிறகு காரணத்துக்கான சான்றுகள்: வரன் தளத்தில் அவர்கள் பதிந்திருந்த சுயவிவரம் (பார்த்த உடனே படம் எடுத்துவையுங்கள், அழித்துவிடுவார்கள்), ஜாதகத்தோடு தந்த பயோடேட்டா, தரகரிடம் நடந்த உரையாடல், மருத்துவச் சீட்டுகள். வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் சான்றாகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி. எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று நீங்கள் கையெழுத்திடுவது ஒன்று, நிபுணர் ஒருவர் கையெழுத்திடுவது மற்றொன்று. கோப்பின் ஹேஷ் எண்ணையும் அதில் எழுத வேண்டும். முக்கியமாக, அந்தப் போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள்.

எங்கே போடுவது? கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு குடியிருக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், இவற்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனைவி மனுதாரர் என்றால் அவள் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம். தஞ்சாவூர்ப் பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே. இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில் ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) என்று எண் விழும். பெண்களுக்கு வருமான வரம்பு ஏதும் இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார். அது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தரும் உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

எண் விழுந்ததும் எதிர்த்தரப்புக்குச் சம்மன் போகும். வந்தால் எதிர்உரை, பிறகு கவுன்சலிங். ஏமாற்றியவனோடு சமாதானம் பேசச் சொல்கிறார்களே என்று ஆத்திரம் வரும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அதைக் கடமையாக வைத்திருக்கிறது, அவர்கள் மீது கோபப்படாதீர்கள். நகையும் சீர்வரிசையும் திரும்ப வரும் பேச்சு அங்கேதான் முடிவதுண்டு. அதன்பின் மனுதாரரின் சாட்சியம். பிரமாணப் பத்திரமாகத் தந்துவிட்டு, கூண்டில் ஏறி குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும் படுக்கையறையைப் பற்றிப் பேச வேண்டுமே என்ற பயத்திலேயே சிலர் வழக்குப் போடுவதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி இந்த விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். விசாரணை விவரங்களைப் பத்திரிகையில் போடவும் கூடாது.

எதிர்த்தரப்பு வராமலே இருந்தாலும், அல்லது வந்து “எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றாலும், தானாகத் தீர்ப்பு வந்துவிடாது. 12-ஆவது பிரிவு மனுவில், இருவரும் பேசிவைத்துக்கொண்டு வரவில்லை என்று மனுவிலேயே உறுதி கூற வேண்டும். சொன்ன காரணம் உண்மை என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். சட்டம் ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

இருவருக்குமே பிரிய மனம் என்றால் அதற்கு வேறு பாதை இருக்கிறது: பரஸ்பர சம்மத விவாகரத்து. ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு வரும் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘விவாகரத்து ஆனவள்’ என்ற பெயர் வரக்கூடாது என்பதற்காகவே சிலர், இல்லாத இயலாமையை இருப்பதாக எழுதி ரத்து கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அது பொய்ச் சத்தியம், அதோடு அந்தப் பையன் அடுத்த கல்யாணத்துக்கு எங்கே போவான்? விவாகரத்து ஒரு அவமானம் இல்லை. நம் பிள்ளைகளிடம் அதை நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

செல்லாத கல்யாணம் என்றால் ஜீவனாம்சம் கிடையாது என்று சொல்லிப் பெண்களை மிரட்டும் பேச்சு நெடுநாளாக ஓடியது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 11-ஆவது பிரிவின்படி கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பானாலும் 25-ஆவது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம், வழக்கு நடக்கும்போது இடைக்காலத் தொகையும் கேட்கலாம். தருவதா, எவ்வளவு என்பது இரு தரப்பின் நடத்தையையும் நிலைமையையும் பொறுத்து நீதிமன்றம் முடிவு செய்வது. குழந்தை இருந்தால் இன்னும் தெளிவு: 16-ஆவது பிரிவின்படி கல்யாணம் விழுந்தாலும் குழந்தை சட்டபூர்வமான குழந்தைதான். பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்குச் சேர்ந்திருக்கும் பங்கிலும் அந்தக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தாத்தாவின் சொத்தில் நேரடியாகக் கேட்க முடியாது, பெற்றோரின் பங்கு வழியாகத்தான்.

பதினெட்டு வயதுக்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தனி வழி தருகிறது. அவள் மேஜரான இரண்டு ஆண்டுக்குள், அதாவது இருபது வயது முடிவதற்குள், அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யும்படி மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். மைனராக இருக்கும்போதே கேட்பதானால், காப்பாளரும் குழந்தைத் திருமணத் தடுப்பு அதிகாரியும் சேர்ந்து மனு போட வேண்டும். அவள் மறுமணம் செய்யும்வரை பராமரிப்புத் தொகை, வாங்கிய நகை பணத்தைத் திருப்புவது எல்லாம் அதே சட்டத்தில் இருக்கிறது. பத்தொன்பது வயதில் வாய் திறக்கத் தைரியம் வந்த பெண்ணிடம், காலம் போய்விட்டது என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 18, 19-ஆவது பிரிவுகள். 2001 திருத்தத்துக்கு முன்பு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது, இப்போது அந்த அலைச்சல் இல்லை. கத்தோலிக்கர்கள் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் திருமணம் செல்லாது என்று வாங்கிவிட்டு, அதுவே போதும் என்று மறுமணம் செய்து சிக்கிக்கொள்கிறார்கள். திருச்சபை தரும் தீர்ப்பு கோவிலில் மறுபடி மணமுடிக்கத்தான். அரசுச் சட்டத்தின் முன் அது நீதிமன்றத் தீர்ப்புக்கு ஈடாகாது என்று 1996-இல் ஒரு கேரள வழக்கிலும், 2017-இல் ஒரு பொதுநல வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு தீர்ப்பும் வேண்டும். பங்குத்தந்தையிடம் போகும்போதே வக்கீலிடமும் போய்விடுங்கள். பதிவு அலுவலகத்தில் சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன்படி மணந்தவர்களுக்கு அதன் 24, 25-ஆவது பிரிவுகள், ஏறத்தாழ இதே காரணங்களோடு.

தீர்ப்பு வந்த அன்றைக்கே அடுத்த நிச்சயத்துக்கு நாள் பார்க்க வேண்டாம். மேல்முறையீட்டுக் காலம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் என்று இரண்டு கணக்கு இருப்பதால், 90 நாளும் கழியட்டும். எதிர்த்தரப்பு மேல்முறையீடு போட்டிருக்கிறதா என்று ஈ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்து, வக்கீலிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் மூன்று நான்காவது வாங்கிவையுங்கள். பாஸ்போர்ட்டில் துணையின் பெயரை எடுக்க, ரேஷன் கார்டில் திருத்த, வங்கியில் நாமினியை மாற்ற, மறுமணத்தைப் பதிய, ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள். நகலில் பெயரின் எழுத்தும் கல்யாணத் தேதியும் ஆதாரோடும் பதிவுச் சான்றோடும் ஒத்துப்போகிறதா என்று, வாங்கிய அன்றைக்கே கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் வரிவரியாகப் பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் அதே நீதிமன்றத்தில் திருத்த மனுப் போட்டுச் சரிசெய்யலாம்.